பாலிமர் ஜெல் டோசிமீட்டர்: எத்தனை நாள் நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ இயற்பியல் படிக்கும் மாணவர்களும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் பாலிமர் ஜெல்லை, அதாவது கதிர்வீச்சு டோஸை (பொருள் உறிஞ்சிய கதிர்வீச்சின் அளவை) அளக்க உதவும் ஜெல்லை, கையில் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்குத்தான் வந்து சேரும். ஜெல் காட்டும் எண் கதிர்வீச்சுக்கு மட்டும் கட்டுப்பட்டதா, நேரத்துக்கும் வெப்பத்துக்கும் சேர்த்தே கட்டுப்பட்டதா? மூன்றுக்கும் கட்டுப்பட்டதுதான். அதை மனத்தில் வைத்து வேலை செய்பவருக்கு இது அருமையான கருவி. மறந்தவருக்கு இது தரும் எண்ணால் பயனில்லை.

பாலிமர் ஜெல் என்றால் என்ன? அயனிக் கலம் இருக்கும்போது இது எதற்கு?

அயனிக் கலம், அதாவது கதிர் உண்டாக்கும் மின்னூட்டத்தை அளக்கும் சிறு கருவி, ஒரு புள்ளியில் டோஸைச் சொல்லும். கதிர்பட்டால் கருமையாகும் ஃபிலிம் ஒரு தளத்தில் சொல்லும். இன்றைய சிகிச்சையில் லினாக் எனப்படும் கதிர்வீச்சு இயந்திரம் நோயாளியைச் சுற்றிவந்தபடியே கதிரின் வடிவத்தையும் செறிவையும் மாற்றிக்கொண்டிருக்கும். கட்டியைச் சுற்றி டோஸ் சில மில்லிமீட்டருக்குள் செங்குத்தாக இறங்கும். அந்த வடிவத்தை முப்பரிமாணத்தில் முழுமையாகப் பார்க்க, அளவிடும் பொருளே நோயாளியின் திசுவைப் போல ஒரே திரளாக இருக்கவேண்டும். ஜெல் அப்படிப்பட்டது. ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர், மீதி ஜெலட்டினும், சங்கிலியாக இணைந்து பாலிமராகக்கூடிய சிறு மூலக்கூறுகளான மோனோமர்களும்.

பழைய அக்ரிலமைடு வகையில் சுமார் 5 சதவீதம் ஜெலட்டின், 3 சதவீதம் அக்ரிலமைடு, 3 சதவீதம் பிஸ்-அக்ரிலமைடு இருக்கும். கதிர்பட்டதும் தண்ணீர் மூலக்கூறுகள் உடைந்து தனிஉறுப்புகள், அதாவது எதனோடும் சட்டென்று வினைபுரியும் துண்டுகள், உருவாகும். அவை மோனோமர்களைச் சங்கிலியாகக் கோக்கும். பிஸ்-அக்ரிலமைடு அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும். கதிர் பட்ட இடம் வெள்ளையாகிவிடும். டோஸ் அதிகமானால் பாலிமரும் அதிகம். எம்.ஆர்.ஐ.யில் அது தண்ணீரின் குறுக்குத் தளர்வு வீதமாக (தண்ணீரின் சமிக்ஞை மங்கும் வேகமாக), அதாவது ஆர்2 ஆகத் தெரியும். ஆர்2-ஐ டோஸாக மாற்ற, தெரிந்த டோஸ் கொடுத்த சிறு குப்பிகளை வைத்து ஓர் அளவுத்திருத்தக் கோடு வரைகிறோம். கோடு நேராக இருக்கும் எல்லை கலவையைப் பொறுத்தது. ஆரம்பகால அக்ரிலமைடு ஜெல்லில் அது சுமார் 8 கிரே (டோஸின் அலகு) வரை இருந்தது.

இதற்கு முன்பு ஃப்ரிக்கி ஜெல் இருந்ததாமே? அதை ஏன் விட்டார்கள்?

முற்றிலும் விடவில்லை, இன்றும் பயன்படுகிறது. ஹ்யூகோ ஃப்ரிக்கியும் மோர்ஸும் 1927-இல் விவரித்த முறையில் கதிர்வீச்சு ஃபெரஸ் அயனியை ஃபெரிக் அயனியாக மாற்றும். 1984-இல் ஜான் கோர், காங், ஷூல்ஸ் ஆகியோர் அந்த மாற்றத்தைக் காந்த ஒத்ததிர்வில் அளக்கலாம் என்று காட்டினார்கள். கரைசலை ஜெல்லில் கலந்தால் முப்பரிமாண டோஸ் படம் கிடைத்துவிடும்.

சிக்கல் ஃபெரிக் அயனியிடம் இருந்தது. அது ஜெல்லுக்குள் நிற்பதில்லை. ஒரு மணி நேரத்தில் ஒன்று முதல் இரண்டு சதுர மில்லிமீட்டர் என்ற வீதத்தில் விரவிப் பரவும். காலையில் கூர்மையாக இருந்த விளிம்பு மதியத்துக்குள் மங்கிவிடும். சைலினால் ஆரஞ்சு என்ற சாயம் சேர்த்தால் வேகம் குறையும், நிற்காது. 1993-இல் மாரியான்ஸ்கியும் கோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் பாலிமர் ஜெல்லைக் கொண்டுவந்ததற்கு இதுவே பெரிய காரணம். பாலிமர் மூலக்கூறு மிகப் பெரியது. ஜெலட்டின் வலையில் சிக்கியபடி உருவான இடத்திலேயே இருந்துவிடும்.

அப்படியென்றால் பாலிமர் ஜெல் நிலையானதுதானே? பிறகு ஏன் நிலைத்தன்மை பற்றி இவ்வளவு பேச்சு?

உருவான பாலிமர் நகராது, உண்மை. வெள்ளையானது மறுபடி தெளியவும் தெளியாது. ஆனால் ஜெல்லில் பாலிமர் மட்டுமா இருக்கிறது? வினைபுரியாத மோனோமர் மிச்சம் இருக்கிறது, அது சிறிய மூலக்கூறு, நகரும். பாலிமர்த் துகளுக்குள் அகப்பட்டுக்கொண்ட தனிஉறுப்புகள் உயிரோடு இருக்கின்றன. ஜெலட்டின் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. பாத்திரத்தின் சுவர் வழியே ஆக்சிஜன் மெல்ல உள்ளே வருகிறது. இந்த நான்கும் வெவ்வேறு வேகத்தில் நடப்பவை. "ஜெல் நிலையானதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த மாற்றம், எத்தனை மணி நேரத்தில், ஆர்2-இல் எதைத் தொடுகிறது என்று கேட்கவேண்டும்.

கதிர் கொடுத்தவுடனே எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். கதிர் நின்ற பிறகும் அகப்பட்ட தனிஉறுப்புகள் அக்கம்பக்கத்து மோனோமரை இழுத்துச் சங்கிலியை வளர்த்துக்கொண்டே இருக்கும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஈவ் டி டீன் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்ட அக்ரிலமைடு ஜெல்லில் இந்தப் பின்தொடர் பாலிமராக்கம் சுமார் 12 மணி நேரம் நீடித்தது. அது அளவுத்திருத்தக் கோட்டின் சரிவை மாற்றியது.

இதன் பொருள் எளிது. மாலையில் கதிர் கொடுத்து உடனே ஸ்கேன் எடுத்தால், ஸ்கேன் நடக்கும்போதே ஜெல் மாறிக்கொண்டிருக்கும். மறுநாள் எடுத்தால் அந்த ஓட்டம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அக்ரிலமைடுக்குப் பதில் மெதக்ரிலிக் அமிலம் கலந்த ஜெல்லுக்கு இதே 12 மணியை எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கலவைக்கு நீங்களே ஒரு முறை, ஒரே குப்பியை அடுத்தடுத்து ஸ்கேன் செய்து எப்போது அடங்குகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அந்த ஒரு சோதனைக்கு ஒரு நாள் போனாலும் போகட்டும்.

சரி, மறுநாளுக்குப் பிறகு எப்போது எடுத்தாலும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இங்கே ஜெலட்டினின் வேலை தொடங்குகிறது. சூடான ஜெலட்டின் ஆறும்போது அதன் புரத இழைகள் மூன்று மூன்றாக முறுக்கிக்கொண்டு வலையாகின்றன. தொட்டுப் பார்த்தால் சில மணி நேரத்தில் உறைந்துவிட்டதுபோல் இருக்கும். உறை ஊற்றிய பால் தயிராகிவிட்ட பிறகும் நேரம் போகப் போகக் கெட்டிப்படுவதுபோல, ஜெலட்டின் வலையும் நாள்கணக்கில் இறுகும். தண்ணீரின் அசைவு குறையும், ஆர்2 ஏறும். மேலே சொன்ன அதே ஆய்வில், ஜெல் தயாரித்ததிலிருந்து 30 நாள் வரைகூட இந்த மாற்றம் தொடர்ந்தது.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இந்த மாற்றம் பெரும்பாலும் கோட்டின் தொடக்கப் புள்ளியைத்தான், அதாவது கதிர்படாத ஜெல்லின் ஆர்2-ஐத்தான் உயர்த்துகிறது. சரிவை அவ்வளவாகத் தொடுவதில்லை. எனவே கதிர்படாத ஒரு குப்பியை எப்போதும் கூடவே ஸ்கேன் செய்யுங்கள். அது இல்லாத அளவீட்டை நான் நம்புவதில்லை.

ஆக்சிஜன் என்றால் ஏன் எல்லாரும் பயப்படுகிறார்கள்?

ஆக்சிஜன் தனிஉறுப்பைப் பார்த்தால் விடாது. மோனோமரைவிட வேகமாக அதனுடன் சேர்ந்து பெராக்சைல் தனிஉறுப்பை உண்டாக்கும். அது சங்கிலியை வளர்க்காது. ஆக்சிஜன் செலவாகித் தீரும்வரை கொடுக்கும் டோஸ் எல்லாம் தடயமின்றிப் போய்விடும். காற்றோடு தொடர்பில் இருக்கும் அறை வெப்பத் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஜெல்லைக் கெடுக்க அதில் சிறு பங்கே போதும்.

நன்றாக மூடாத குப்பி ஒன்றைக் கதிர்பட்ட பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுப்பகுதி பால்வெள்ளையாக இருக்கும். மூடியை ஒட்டிய மேற்பகுதி மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாக, கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். அங்கும் அதே டோஸ் போயிருக்கிறது, ஆனால் ஆக்சிஜன் அதைத் தின்றுவிட்டது. அந்த இடத்தில் உங்கள் கணினி பூஜ்யம் என்று காட்டும்.

ஆக்சிஜனை உறிஞ்சும் பொருள் சேர்த்தால் சாதாரண ஆய்வகத்திலேயே செய்யலாம் என்கிறார்களே?

செய்யலாம். முன்பெல்லாம் கையுறைப் பெட்டிக்குள் நைட்ரஜனை மணிக்கணக்கில் குமிழியிட்டுத்தான் ஜெல் தயாரிக்கவேண்டும். 2001-இல் ஃபாங், கோர் உள்ளிட்டோர் வெளியிட்ட மேஜிக் என்ற கலவையில் மெதக்ரிலிக் அமிலத்துடன் அஸ்கார்பிக் அமிலமும் சிறிதளவு தாமிர சல்ஃபேட்டும் சேர்ந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டன. திறந்த மேசையிலேயே தயாரிக்க முடிந்தது. அதன் பிறகு டி.எச்.பி.சி. எனப்படும் பாஸ்போனியம் உப்பு பரவலானது. அது ஆக்சிஜனை இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

இவை ஆக்சிஜன் பிரச்சினையை ஒத்திப்போடுகின்றன, ஒழிப்பதில்லை. உறிஞ்சும் பொருள் தீர்ந்ததும் சுவர் வழியே வரும் ஆக்சிஜன் வேலையைக் காட்டும். அதற்காக அள்ளிக் கொட்டவும் முடியாது. டி.எச்.பி.சி. ஜெலட்டினையும் பிணைக்கிறது, மிகுந்தால் உணர்திறனைக் குறைக்கிறது. தயாரித்த உடனே பயன்படுத்தாமல் அது ஆக்சிஜனைப் பிடித்து முடிக்கும் அளவு காத்திருக்கவும் வேண்டும். இன்று தயாரித்த ஜெல்லும் மூன்று நாள் வைத்த ஜெல்லும் ஒரே டோஸுக்கு ஒரே பதில் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எந்தப் பாத்திரம் நல்லது? பெர்ஸ்பெக்ஸில் எளிதாக வடிவம் செய்யலாமே?

எளிதுதான், ஆனால் பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் பாலிஸ்டைரீனும் ஆக்சிஜனை உள்ளே விடும். சுவரை ஒட்டிய பகுதி முந்தைய பதிலில் சொன்ன தெளிந்த விளிம்பாகிவிடும். கண்ணாடி ஆக்சிஜனை விடாது. ஆனால் நினைத்த வடிவத்தில் கிடைப்பது கடினம், அடர்த்தி அதிகம் என்பதால் சுவரருகே டோஸும் கொஞ்சம் மாறும். ஆக்சிஜனைக் குறைவாக விடும் பேரெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கை இதற்காகவே பலர் பயன்படுத்தினார்கள். எந்தப் பாத்திரமானாலும் சுவரை ஒட்டிய பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு.

எங்கள் ஊர் வெயிலுக்கு ஜெல் தாங்குமா? ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா?

ஜெலட்டின் சுமார் 30 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சென்னையிலோ திருச்சியிலோ மே மாதத்தில் குளிரூட்டப்படாத அறையும், நிறுத்திவைத்த காரும் அதைத் தாண்டிவிடும். இளகிவிட்டால் பாலிமரின் இடமே கலைந்துபோகும். மறுபடி உறையவைத்தாலும் அந்தத் தகவல் திரும்பாது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு எடுத்துப்போவதானாலும் தெர்மோகோல் பெட்டியில் வைத்து எடுத்துச்செல்லுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாம், பலரும் வைக்கிறார்கள். ஆனால் எல்லாக் குப்பிகளும், நோயாளியின் உடலுக்குப் பதிலாகக் கதிர் கொடுக்கும் பெரிய ஜெல் பாத்திரமான ஃபேன்டமும் சேர்ந்தே உள்ளே போய்ச் சேர்ந்தே வெளியே வரவேண்டும். ஜெலட்டின் எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது என்பதும் அதன் வலையைத் தீர்மானிக்கிறது. கதிர் கொடுப்பதற்கு முன்னும் ஸ்கேன் எடுப்பதற்கு முன்னும் ஜெல் அந்தந்த அறையின் வெப்பத்துக்கு வர நேரம் கொடுங்கள். பெரிய ஃபேன்டத்துக்கு ஓர் இரவு தேவைப்படும்.

வெளிச்சம் பட்டால் கெடுமா?

கெடும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் பாலிமராக்கத்தைத் தூண்டிவிடும். இருட்டில் வையுங்கள், அலுமினியத் தாளில் சுற்றினால் போதும்.

அக்ரிலமைடு விஷம் என்கிறார்களே, மாற்று உண்டா?

அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கும், புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளது. தோல் வழியே உள்ளே போகும் என்பதால் கையுறையும் காற்றுறிஞ்சு மேசையும் கட்டாயம். 2006-இல் சென்டன் உள்ளிட்டோர் முன்வைத்த, நைபாம் என்ற மோனோமர் கொண்ட வகை நச்சு குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன், கையுறையைக் கழற்றலாம் என்று சொல்லவில்லை. நிலைத்தன்மையில் அதற்கும் இதே விதிகள்தான் பொருந்தும்.

டோஸ் சட்டென்று இறங்கும் விளிம்பில் மட்டும் ஜெல் அதிகம் காட்டுகிறது. கதிர் உண்மையிலேயே அங்கே அதிகமா?

இது மிக நல்ல கேள்வி. பலர் இதைச் சிகிச்சைத் திட்டக் கணினியின் பிழை என்று எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். அதிக டோஸ் பட்ட பக்கத்தில் மோனோமர் செலவாகிக் குறைந்திருக்கும். பக்கத்திலேயே, குறைந்த டோஸ் பட்ட இடத்தில், மோனோமர் நிறைய இருக்கும். அது விளிம்பைத் தாண்டி விரவி வரும். அதிக டோஸ் பக்கத்தில் இன்னும் உயிரோடிருக்கும் தனிஉறுப்புகள் அதைப் பிடித்துப் பாலிமராக்கும். ஆகவே விளிம்பின் உட்புறத்தில், உண்மையான டோஸுக்கு மேல் ஒரு மேடு எழும்பும்.

பாலிமர் நகரவில்லை என்று முன்பு சொன்னது இங்கேயும் உண்மை. நகர்ந்தது மோனோமர். பின்தொடர் பாலிமராக்கம் நீடிக்கும் வரை இந்த மேடு வளரும், அது அடங்கியதும் நிலைத்துவிடும். நிலைத்துவிட்டதால் அது சரியாகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அளவுத்திருத்தக் குப்பிகளில் டோஸ் சீராக இருப்பதால் இந்தப் பிழை அவற்றில் தெரியவே தெரியாது. மூளைக் கட்டிக்குக் கொடுக்கும் மிகச் சிறிய கதிர்ப்புலங்களில் விளிம்புதான் பாதிப் படம். அங்கே இதைக் கணக்கில் எடுக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்த விளிம்பின் குறுக்கே ஃபிலிமோ, டையோடு என்ற சிறு மின்னணு உணரியோ வைத்து ஒப்பிடுங்கள்.

சிறு குப்பிகளில் எடுத்த கோடு பெரிய ஃபேன்டத்துக்குப் பொருந்தவில்லை. ஒரே கலவைதானே ஊற்றினேன்?

கலவை ஒன்றுதான், அது கடந்துவந்த வெப்பம் வேறு. சிறு குப்பி சீக்கிரம் ஆறும், பெரிய ஃபேன்டம் மெல்ல ஆறும். எனவே ஜெலட்டின் வலை இரண்டிலும் ஒன்றாக அமைவதில்லை. இன்னொன்றும் உண்டு. பாலிமராக்கம் வெப்பத்தை வெளியிடும் வினை. பெரிய ஜெல் திரளில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் கதிர் கொடுக்கும்போதே உள்ளே சூடேறும், அதனால் வினையின் போக்கும் மாறும். சிறு குப்பி அதைச் சட்டென்று வெளியே விட்டுவிடும். ஆக்சிஜனும் சிறு குப்பியை அதிகம் பாதிக்கும், ஏனென்றால் அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம்.

இதற்கு நான் விரும்பும் வழி, ஃபேன்டத்துக்குச் சமமான இரண்டாவது ஃபேன்டத்தில் எளிய கதிர்ப்புலம் ஒன்றைக் கொடுத்து, ஆழத்துக்கு ஆழம் தெரிந்த டோஸிலிருந்தே கோட்டை எடுப்பது. செலவு கூடும். முடியாதபோது, ஃபேன்டத்துக்குள்ளேயே டோஸ் சீராக இருக்கும் இடத்தில் அயனிக் கலம் சொன்ன எண்ணோடு ஜெல்லின் எண்ணைப் பொருத்திக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் அறிக்கையில் அதைச் சொல்லிவிடவேண்டும். அது சார்பு டோஸ் அளவீடு, தனிநின்ற டோஸ் அளவீடு அல்ல.

சிகிச்சையை நாள்கணக்கில் பிரித்துக் கொடுப்பதுபோல ஜெல்லுக்கும் பிரித்துக் கொடுத்தால் கூட்டிக்காட்டுமா?

கூட்டும், ஆனால் ஒரே தடவையில் கொடுத்ததற்கு அது சமம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். இடைவெளியில் பின்தொடர் பாலிமராக்கம் நடந்துகொண்டே இருக்கும். டோஸ் எவ்வளவு வேகமாகக் கொடுக்கப்படுகிறது என்பதும் சங்கிலிகளின் நீளத்தை மாற்றும். மெதக்ரிலிக் அமில ஜெல்களில் இந்த வேறுபாடு அக்ரிலமைடு ஜெல்களைவிடப் பெரிது. நீங்கள் அளக்கப்போகும் கதிர்கொடுப்பு எப்படிப் பிரிந்திருக்கிறதோ, அளவுத்திருத்தக் குப்பிகளுக்கும் ஏறக்குறைய அப்படியே பிரித்துக் கொடுங்கள்.

ஸ்கேன் எடுக்கும்போதே ஜெல் மாறுமா?

மாறும். ஆர்2-ஐ அளக்கப் பல எதிரொலிகள், அதாவது ஜெல் திருப்பி அனுப்பும் சமிக்ஞைகள், எடுக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் செலுத்தும் ரேடியோ அலைத் துடிப்பு ஜெல்லைக் கொஞ்சம் சூடாக்கும். ஆர்2 வெப்பத்தைச் சார்ந்தது என்பதால், ஸ்கேன் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரே ஜெல் வேறு எண் காட்டும். ஒரு டிகிரி மாற்றமே டோஸில் கவனிக்கத்தக்க பிழையைக் கொண்டுவரும். படத்தின் பொது ஒளிர்வைத் தீர்மானிக்கும் தரவை ஸ்கேனின் தொடக்கத்திலேயே எடுக்கும்படி வரிசையை மாற்றுவது இதற்கு நல்ல தீர்வு. கதிர்படாத குப்பியையும் அளவுத்திருத்தக் குப்பிகளையும் அதே எம்.ஆர்.ஐ. சுருளுக்குள் (சமிக்ஞை வாங்கும் கம்பிச் சுருள்), அதே ஸ்கேனில் வைப்பது அடுத்தது.

எம்.ஆர்.ஐ.யை விட்டு சி.டி.யில் அளந்தால் இந்தத் தொல்லையெல்லாம் போகுமா?

ஸ்கேன் நேர வெப்பத் தொல்லை குறையும். மற்றவை ஜெல்லின் வேதியியலைச் சார்ந்தவை, அவை எங்கும் போகாது. அத்துடன் சி.டி. காட்டும் அடர்த்தி மாற்றம் மிகச் சிறியது. பல படங்களைச் சராசரி எடுத்தால்தான் இரைச்சலுக்கு மேலே தெரியும். ஒளிவழி ஸ்கேனரில் ஜெல்லின் வெண்மையே ஒளியைச் சிதறடிக்கும். அதற்கு நிறம் மாறும் பாலியூரிதேன் வகையான பிரசேஜ் பொருத்தமானது. அதற்கு ஆக்சிஜன் பயமில்லை, உருகும் பயமுமில்லை. ஆனால் அதன் நிறமும் காலப்போக்கில், வைத்திருக்கும் வெப்பத்தைப் பொறுத்து மாறும். அதற்கும் நேரக் குறிப்பு வேண்டும்.

மூன்றாம் நாள் ஸ்கேனில் ஓர் எண், பதினைந்தாம் நாள் ஸ்கேனில் வேறு எண். அறிக்கையில் எதை எழுதுவது?

பதினைந்தாம் நாள் ஸ்கேனில் அளவுத்திருத்தக் குப்பிகளும் கூட இருந்தனவா என்று முதலில் பாருங்கள். மூன்றாம் நாள் எடுத்த கோட்டைப் பதினைந்தாம் நாள் படத்தின்மேல் போட்டிருந்தால், நீங்கள் பார்க்கும் வேறுபாட்டின் பெரும்பகுதி ஜெலட்டின் இறுகியதால் வந்த தொடக்கப் புள்ளி மாற்றமாக இருக்கும். அன்றைய குப்பிகளோடு அன்றைய கோட்டை வரைந்தால் டோஸ் சீரான இடங்களில் இரண்டு நாள் எண்களும் நெருங்கிவரும். குப்பிகளைத் தூக்கி எறிந்துவிட்டிருந்தால் பதினைந்தாம் நாள் படத்தை டோஸாக மாற்றவே வேண்டாம்.

அப்படிச் செய்த பிறகும் வேறுபாடு மிஞ்சுகிறதா? அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவரை ஒட்டி இருந்தால் ஆக்சிஜன். விளிம்பில் இருந்தால் மோனோமர் விரவல். படம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஸ்கேன் அறையின் வெப்பம். நடுவில் மட்டும் இருந்தால் ஃபேன்டம் அறை வெப்பத்துக்கு வரவில்லை. அறிக்கையில் மூன்றாம் நாள் எண்ணை எழுதுங்கள். கூடவே ஜெல் தயாரித்த நேரம், கதிர் கொடுத்த நேரம், ஸ்கேன் தொடங்கிய நேரம், மூன்று நேரத்திலும் அறையின் வெப்பம், கணக்கிலிருந்து விலக்கிய விளிம்பின் அகலம் ஆகியவற்றையும் எழுதுங்கள். இவை இல்லாமல் வரும் ஜெல் அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.